குதிருக்குள் இருந்தவர்

1930 செப்டம்பர் 25ஆம் தேதி இரவு லண்டனில், ஒரு பிரபல நாவலாசிரியர் படுக்கப் போகுமுன் சும்மா நாலு பக்கம் புரட்டலாம் என்று ஒரு புதுப் புத்தகத்தை எடுத்தார். இன்னும் கடைக்கு வராத புத்தகம் அது. எழுதியவர் அவருடைய நெடுநாள் நண்பர். உடை மாற்றிக்கொண்டே படிக்க ஆரம்பித்தவர், பாதி கழற்றிய உடையோடு கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கம் நகர நகர வயிற்றைப் பிசைந்தது. அன்றிரவு மனுஷனுக்குத் தூக்கமே இல்லை. நாவலில் வருகிற ஒரு பாத்திரம் சந்தேகமே இல்லாமல் தான்தான் என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அவர் பெயர் ஹ்யூ வால்போல். அந்த நாவல் சாமர்செட் மாம் எழுதிய ‘கேக்ஸ் அண்ட் ஏல்’.

மாமை நம்மில் பலருக்குத் தெரியும். ‘ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்’ எழுதியவர். 1938ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்துவிட்டுப் போய், அந்த அனுபவத்தின் சாயலை ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலில் வைத்தவர். வால்போலை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆங்கில இலக்கியம் படித்தவர்களிலேயே பாதிப்பேர் யோசிப்பார்கள். மீதிப்பேர், “ஓ, மாம் கிண்டல் பண்ணினாரே, அவர்தானே?” என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் எப்படி ஒரு எழுத்தாளரின் மொத்த வாழ்க்கையையும் விழுங்கியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். மாம் மட்டும் செய்த வேலை இல்லை அது. வாசகர்களும் கூடச் சேர்ந்து செய்தார்கள். வால்போலும் தன் பங்குக்குக் கொஞ்சம் செய்தார்.

முதலில் நாவலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எட்வர்ட் டிரிஃபீல்ட் என்று ஒரு மகா எழுத்தாளர். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நடுவில் ஒழுக்கக்கேடான நாவல் எழுதியதாக வசவு வாங்கி, ரொம்ப நாள் உயிரோடு இருந்ததாலேயே தேசத்தின் பொக்கிஷமாகி, செத்தும் போய்விட்டார். அவருடைய இரண்டாவது மனைவி வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பை ஆல்ராய் கியர் என்ற வெற்றிகரமான நாவலாசிரியரிடம் கொடுக்கிறாள். கியருக்கு ஒரே தலைவலி, டிரிஃபீல்டின் முதல் மனைவி ரோஸி. பாரில் பீர் ஊற்றிக் கொடுத்த பெண். பிடித்த ஆண்களோடெல்லாம் சிரித்துக்கொண்டே போய்வந்தவள். கடைசியில் ஊர் நிலக்கரி வியாபாரியோடு அமெரிக்காவுக்கு ஓடிப்போனவள். இவளை வரலாற்றில் எப்படி மறைப்பது? கதைசொல்லியான ஆஷென்டனுக்குச் சின்ன வயதில் அந்தக் குடும்பத்தைத் தெரியும். அதனால்தான் கியர் அவரை விருந்துக்குக் கூப்பிட்டுக் குழைகிறார்.

இந்தக் கியர்தான் சிக்கலே. கொஞ்சூண்டு திறமையை வைத்துக்கொண்டு, உழைப்பாலும் சாமர்த்தியத்தாலும் உச்சிக்குப் போனவர். ஒரு விமர்சகர் தன் புத்தகத்தைக் கிழித்துப் போட்டால் கோபப்பட மாட்டார். பணிவாக ஒரு கடிதம் எழுதி, சாப்பாட்டுக்கு அழைத்து, எப்படி இன்னும் நன்றாக எழுதுவது என்று யோசனை கேட்பார். அடுத்த புத்தகத்துக்கு அதே விமர்சகர் எப்படித் திட்டுவார்? வளர்ந்து வருபவர்களைத் தட்டிக்கொடுப்பார். விழுந்துவிட்டவர்களைச் சத்தமில்லாமல் மறந்துவிடுவார். ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்வார். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், எட்டாத உயரத்தில் இருந்த ஒரு சீமாட்டியை இளமையில் காதலித்த சோகக்கதை ஒன்று தயாராக இருக்கும்.

வால்போலுக்கு இது ஏன் அப்படித் தைத்தது என்று பார்க்கணும். 1884ல் நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர், பாதிரியார் மகன். இளம் வயதிலேயே ஹென்றி ஜேம்ஸின் பிரியத்துக்கு ஆளானவர். அமெரிக்காவில் சொற்பொழிவுச் சுற்றுப்பயணங்கள் போய் நன்றாகச் சம்பாதித்தவர். வருடத்துக்கு ஒரு புத்தகம் போல எழுதித் தள்ளியவர். 1930ல் ‘ரோக் ஹெரீஸ்’ வெளிவந்து புகழின் உச்சியில் இருந்தார். அதுவும் போக, 1929ல் தொடங்கிய புக் சொஸைட்டியின் தேர்வுக்குழுத் தலைவர் அவர்தான். மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து ஆயிரக்கணக்கான உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பும் அமைப்பு அது. அவர்கள் கை காட்டிய புத்தகம் விற்கும். மாமின் நாவல் கடைக்கு வருமுன்பே அவர் கைக்குப் போனதும் இதனால்தான். யார் புத்தகம் விற்கவேண்டும் என்று முடிவு செய்கிற நாற்காலியில் இருந்தவரிடமே, அந்த நாற்காலியைப் பற்றிய நையாண்டி போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வால்போல், மாம் இருவருமே தற்பால் ஈர்ப்பு உடையவர்கள். அது சட்டப்படி குற்றமாக இருந்த காலம். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் தளர்ந்தது 1967ல்தான். கல்யாணமாகாத எழுத்தாளனின் அந்தச் ‘சீமாட்டிக் காதல்’ பகுதியைப் படிக்கும்போது மற்ற வாசகர்கள் சிரித்திருப்பார்கள். வால்போலுக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். அதே ரகசியத்தோடு வாழ்கிற ஒருவர் கை நீட்டிக் காட்டுகிற மாதிரி இருந்திருக்குமே.

சரி, அவர் என்ன செய்தார்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். செய்யவில்லை. நண்பர்களிடம் புலம்பினார். நவம்பரில் விர்ஜினியா வுல்ஃபிடமும் போய்க் கொட்டினார். நெருங்கிய நண்பன் என்று நினைத்தவன் இப்படிப் பண்ணிவிட்டானே என்பதுதான் புலம்பலின் சாரம். வுல்ஃப் ஆறுதலாகக் கேட்டிருப்பார் போல. ஆனால் அன்று நாட்குறிப்பில் அவர் தீட்டியிருக்கிற சித்திரத்தில் இரக்கமும் இருக்கிறது, நமுட்டுச் சிரிப்பும் இருக்கிறது. துடிக்கிறவர் பார்க்கப் பாவமாகவும் வேடிக்கையாகவும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்கிறார். நையாண்டியில் அடிபட்டவனின் நிலை எப்போதும் இதுதான். அவன் அழுதால் அதுவும் நையாண்டியின் அடுத்த அத்தியாயமாகிவிடுகிறது.

நம்மூரில் ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று ஒரு பையன் சொன்ன கதை உண்டு. கடன்காரன் கேட்காமலேயே அப்பன் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்த பையன். வால்போல் குதிருக்குள் இருந்துகொண்டு தானே குரல் கொடுத்தார். கியர் யார் என்று லண்டன் இலக்கிய வட்டாரத்தில் சிலர் எப்படியும் ஊகித்திருப்பார்கள். ஆனால் ஊகம் வேறு. சம்பந்தப்பட்டவரே வீடு வீடாகப் போய் ஒத்துக்கொள்வது வேறு.

மாம் என்ன சொன்னார்? இல்லவே இல்லை என்றார். வால்போலுக்கு எழுதிய கடிதத்தில், கியர் ஒரு டஜன் பேரைக் கலந்து செய்த பாத்திரம் என்றும், அதில் பெரும்பகுதி தானேதான் என்றும் எழுதினார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பொய் என்பது இருபது வருடம் கழித்துத் தெரிந்தது.

வால்போல் வழக்குப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் அப்போது எழுத்தாளர்களுக்கு எமன். 1910ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஹல்டன் எதிர் ஜோன்ஸ் வழக்கை இங்கே சொல்லியாகணும். ஒரு பத்திரிகை வேடிக்கைக் கட்டுரை ஒன்றில் ஆர்ட்டெமஸ் ஜோன்ஸ் என்று ஒரு கற்பனை ஆசாமியை உலவவிட்டது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். அவர் வழக்குப் போட்டு 1750 பவுண்ட் வாங்கிவிட்டார். எழுதியவருக்கு அவரைக் குறிக்கும் எண்ணமே இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. எழுதியவன் யாரை நினைத்தான் என்பது முக்கியமில்லை, படித்தவர்கள் யாரை நினைத்தார்கள் என்பதுதான் கணக்கு என்று ஆகிவிட்டது. ஆசிரியன் செத்துவிட்டான் என்று பிரெஞ்சு விமர்சகர்கள் அறிவிப்பதற்கு ஐம்பது வருடத்துக்கும் மேல் முன்னாலேயே ஆங்கில நீதிபதிகள் அவனைக் கிட்டத்தட்ட அடக்கம் செய்துவிட்டார்கள்.

மாமுக்கு இந்தச் சட்டத்தின் சூடு தெரியும். 1925ல் வந்த ‘தி பெயிண்டட் வெயில்’ நாவலில் நாயகன், நாயகிக்கு முதலில் லேன் என்று பெயர் வைத்திருந்தார். அதே பெயருள்ள ஹாங்காங்வாசிகள் வழக்குப் போட, தொடராக வெளியிட்ட பத்திரிகை 250 பவுண்ட் கொடுத்துத் தீர்த்தது. லேன், ஃபேன் ஆனது. அப்புறம் ஹாங்காங்கின் ஒரு காலனி அதிகாரி முகம் சுளிக்க, ஹாங்காங்கையே ‘சிங்-யென்’ என்று மாற்றவேண்டியதாயிற்று.

அப்படியானால் வால்போல் ஏன் போகவில்லை? போயிருந்தால் நீதிமன்றத்தில் நின்று, “கனம் நீதிபதி அவர்களே, திறமை குறைந்த, காக்காய் பிடித்தே முன்னுக்கு வந்த அந்தப் பாத்திரத்தைப் படித்தால் எல்லாருக்கும் என் ஞாபகம்தான் வருகிறது” என்று நிரூபித்திருக்கவேண்டும். சாட்சிக்கு நண்பர்களைக் கூப்பிட்டு, ஆமாம் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது என்று சொல்ல வைக்கவேண்டும். வென்றால்தான் பெரிய தோல்வி. சட்டம் அவர் பக்கம் இருந்தும் உதவவில்லை.

இதற்கிடையே இன்னொரு கூட்டம் வேறு காரணத்துக்காகக் கொதித்தது. தாமஸ் ஹார்டியின் பக்தர்கள். ஹார்டி இறந்தது 1928 ஜனவரியில். சாம்பலை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைத்து மூன்று வருடம்கூட முழுசாகவில்லை. எளிய குடும்பம், இரண்டு மனைவிகள், ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ வாங்கிய வசவு, முதுமையில் ஆர்டர் ஆஃப் மெரிட் பட்டம் என்று பொருத்தங்கள் வரிசையாக இருந்தன. டிரிஃபீல்டுக்கும் அதே பட்டம். குழந்தை சாகிற காட்சிக்காக வசவு வாங்கிய ஒரு நாவல். பத்திரிகைகள் விடுமா? மாம் ஹார்டியின் கல்லறை மேல் ஏறி மிதிக்கிறார் என்கிற ரீதியில் தலைப்புப் போட்டார்கள். ஹார்டியைத் தான் ஒரே ஒருமுறை ஒரு விருந்தில் பார்த்ததாகவும், மெரிடித்தையோ அனதோல் ஃபிரான்ஸையோ நினைத்ததற்கு மேல் ஹார்டியை நினைக்கவில்லை என்றும் மாம் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. ஹார்டியின் இரண்டாவது மனைவி ஃப்ளோரன்ஸ் பெயரில் அவருடைய வாழ்க்கை வரலாறு இரண்டு பாகமாக வந்தது. முதல் பாகம் 1928, இரண்டாம் பாகம் 1930. அதன் பெரும்பகுதியை ஹார்டியே ரகசியமாக எழுதி, மனைவி பெயரில் வெளியிட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் செத்தார் என்று பின்னால் தெரிந்தது. மகா எழுத்தாளர்களின் வரலாறு எப்படிச் சலவை செய்யப்படுகிறது என்று மாம் கிண்டலடித்தார். வாசகர்களோ, ஒரு மகானை அவமதித்துவிட்டார் என்று கோபப்பட்டார்கள். அந்த நேரத்தில், சலவை செய்த வரலாற்றின் இரண்டாம் பாகம் அச்சு மை காயாமல் கடையில் இருந்தது. நாவலின் பொருள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் பதிலடி வந்தது. ‘ஜின் அண்ட் பிட்டர்ஸ்’ என்ற நாவல் 1931ல் அமெரிக்காவில் வெளியானது. எழுதியவர் பெயர் ‘ஏ. ரிபோஸ்ட்’, அதாவது பதிலடி என்றே புனைபெயர். லெவர்சன் ஹர்ல் என்று ஒரு நாவலாசிரியர் கிழக்கு நாடுகளில் சுற்றுகிறார். காலனி வெள்ளைக்காரர்களின் வீட்டில் தங்கிச் சாப்பிட்டு, அவர்கள் குடும்ப ரகசியங்களைக் கறந்து, ஊருக்குத் திரும்பிக் கதையாக எழுதி விற்கிறார். மாமேதான், அச்சு அசலாக. மலாயா தோட்ட முதலாளிகள் மாம் மேல் வைத்திருந்த புகாரும் இதுவேதான். உடனே எல்லாரும் வால்போல்தான் எழுதினார் என்று முடிவு கட்டினார்கள். உண்மையில் எழுதியவர் எலினார் மோர்டான்ட் என்ற பெண் நாவலாசிரியர்.

வால்போல் பதறிப்போனார். அந்தப் புத்தகத்தை இங்கிலாந்தில் வரவிடாமல் தடுங்கள் என்று மாமுக்கே எழுதினார். தன்னை அடித்தவனைக் காப்பாற்றத் தானே ஓடினார். நல்ல மனசா, தன் மேல் பழி விழுந்துவிடுமோ என்ற பயமா? இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் அது ‘ஃபுல் சர்க்கிள்’ என்ற பெயரில் வந்தது. மாம் அவதூறு வழக்குப் போட்டார். புத்தகம் திரும்பப் பெறப்பட்டது. நாவல் பாத்திரத்தில் தன்னைக் கண்டுகொள்வது அசட்டுத்தனம் என்று நண்பருக்கு உபதேசம் செய்தவர், தன்னைக் கண்டுகொண்டபோது நேராக வக்கீலிடம் போனார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அந்தக் காலத்தில் மாம் மட்டும் இதைச் செய்தார் என்றில்லை. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1921ல் ‘க்ரோம் யெல்லோ’ எழுதினார். எழுத்தாளர்களுக்குத் தன் கார்சிங்டன் மாளிகையில் சோறு போட்டு இடம் கொடுத்த ஆட்டலைன் மாரல் அதைப் படித்து மனம் உடைந்தார். ஹக்ஸ்லியும் இல்லை என்றுதான் எழுதினார். டி.ஹெச். லாரன்ஸின் ‘விமன் இன் லவ்’ நாவலிலும் அதே ஆட்டலைன் மாட்டிக்கொண்டு கிடந்தார். முதல் உலகப்போருக்குப் பிறகு பழைய தலைமுறையின் மரியாதைகளைக் கிழித்தெறிவதே இலக்கிய நேர்மை என்ற எண்ணம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் கிழிபட்டவர்கள் பெரும்பாலும் தளபதிகளோ மந்திரிகளோ இல்லை. எழுதியவனுக்கு விருந்து வைத்தவர்கள்தான் கிழிபட்டார்கள்.

வால்போல் அதற்குப் பிறகும் நன்றாகவே விற்றார். ஹாலிவுட் போய் 1935ல் வந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ படத்துக்குத் திரைக்கதையில் வேலை செய்தார். அதில் பாதிரியாராக ஒரு சின்ன வேடமும் போட்டார். 1937ல் சர் பட்டம் வந்தது. மாமோடு வெளிப்பழக்கமும் அறுந்துவிடவில்லை. 1941ல் இறந்தபோது ‘தி டைம்ஸ்’ எழுதிய அஞ்சலி அவரை மட்டம் தட்டுவதாக இருந்தது. டி.எஸ். எலியட், கென்னத் கிளார்க், ஜே.பி. பிரீஸ்ட்லி போன்றவர்கள் அவருக்குப் பரிந்து எழுதினார்கள். எத்தனை இளம் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் அவர் கை கொடுத்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். தான் சேர்த்த ஓவியங்களில் பலவற்றை டேட் காலரிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர். ‘வளர்கிறவர்களைத் தட்டிக்கொடுப்பார்’ என்று கியரைப் பற்றி மாம் ஏளனமாகச் சொன்னதும், நிஜத்தில் பலரை வாழ வைத்ததும் ஒரே குணம்தான். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

1950ல் மாம் இந்த நாவலின் மாடர்ன் லைப்ரரி பதிப்புக்கு ஒரு முன்னுரை எழுதினார். அதில் ஒத்துக்கொண்டார்: ஆமாம், வால்போலை மனதில் வைத்துத்தான் எழுதினேன். விரும்பச் சுலபமான, மதிக்கச் சிரமமான மனிதர் அவர் என்கிற பொருளில் ஒரு குத்தலும் கூடவே. வால்போல் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லை, வழக்குப் போடவும் முடியாது. இறந்தவருக்கு அவதூறுச் சட்டத்தில் இடம் கிடையாது.

எனக்கு அந்த நாவலைவிட இந்த முன்னுரைதான் கொடூரமாகத் தெரிகிறது. நாவலில் கியர் ஒன்றும் வில்லன் இல்லை. ஆஷென்டனுக்கு அவர் மேல் ஒரு விதமான பிரியம்கூட இருக்கிறது. அந்த உழைப்பை வியக்கிறார். நையாண்டிக்குள் இருக்கிற அந்த ஈரத்தால்தான் கியர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். நம்மூர் இலக்கியக் கூட்டங்களில்கூட முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கலைஞனுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று வாதாடலாம். நானும் வாதாடுவேன். ஆனால் ‘அது நீ இல்லை’ என்று நண்பன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவன் போன பிறகு ‘அவன்தான்’ என்று ஊருக்குச் சொல்வது கலைஞனின் உரிமையில் வராது.

வாசகர்கள் கோட்டை விட்டது ரோஸியை. இந்த நாவலில் மாம் கிண்டல் செய்யாமல் எழுதியிருக்கிற ஒரே ஆள் அவள். கணவனை ஏமாற்றுகிறாள், ஆனால் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் ஆஷென்டன் அவளை நியூயார்க் பக்கம் யாங்கர்ஸில் எழுபது வயசுக் கிழவியாகச் சந்திக்கிறார். அப்போதும் அதே சிரிப்பு, அதே வாழ்க்கை ருசி. நாவலின் தலைப்பே அவளுக்காகத்தான். ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில், ஒழுக்கம் பேசுகிற மால்வோலியோவைப் பார்த்து ஒரு குடிகாரர் கேட்கிற கேள்வியிலிருந்து எடுத்தது. நீ யோக்கியன் என்பதற்காக மற்றவர்கள் சந்தோஷமாக இருக்கக் கூடாதா என்பது அதன் உட்பொருள். தன் புத்தகங்களிலேயே தனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று மாம் சொன்னதும் ரோஸியால்தான் இருக்கணும்.

அவளுக்கும் ஒரு நிஜ முகம் இருந்தது. நாடகாசிரியர் ஹென்றி ஆர்தர் ஜோன்ஸின் மகள், நடிகை, பெயர் சூ. மாம் அவளை நேசித்தார். 1913ல் சிகாகோ வரை தேடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார், அவள் மறுத்துவிட்டாள். 1948ல் இறந்தாள். இவள்தான் ரோஸி என்பதை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பின்னால் எழுதித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1930ல் நாவலைப் படித்து யார் யார் என்று பட்டியல் போட்டவர்கள் கியரைப் பிடித்தார்கள், டிரிஃபீல்டைப் பிடித்தார்கள். ரோஸி யார் என்று பத்திரிகைகள் தலைப்புப் போடவில்லை. கோபத்தில் வரைந்த முகம் ஒரே ராத்திரியில் அடையாளம் தெரிந்துவிட்டது. பிரியத்தில் வரைந்த முகத்தைத் தேடிப்போக அன்றைக்கு ஆள் இல்லை.